‘அம்பேத்கர் இன்று இருந்தால்…’: மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கிப் பார்ப்போமா?

ஜனவரி 26 அல்லது ஆகஸ்ட் 15 வந்தால் போதும், காலை ஆறு மணிக்கே ஃபேமிலி குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்துவிடும். ‘காந்தி இன்று இருந்தால் கண்ணீர் விடுவார்’, ‘அம்பேத்கர் இருந்தால் என்ன சொல்வார் தெரியுமா?’ என்ற வகையறா. கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். அனுப்புகிற ஆள் என்ன நினைக்கிறாரோ, காந்தியும் அதையேதான் நினைப்பார். வரி அதிகம் என்று நினைப்பவரின் காந்தி வரியை எதிர்ப்பார். இடஒதுக்கீடு பிடிக்காதவரின் அம்பேத்கர்கூட இடஒதுக்கீட்டை எதிர்ப்பார்! இறந்தவர்களை வைத்து நம் கருத்தைப் பேசவைப்பது சுலபம். அவர்கள் மறுத்துப் பேச வரமாட்டார்கள்.

ஆனால், இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நேர்மையாகவும் கேட்கலாம். அவர்கள் ‘என்ன நினைப்பார்கள்’ என்று ஊகிக்க வேண்டாம். என்ன எழுதிவைத்தார்கள், எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏதாவது ஓர் ஊரில் இறங்கி சரிபார்க்கலாம். டெல்லி வேண்டாம். விழுப்புரம் - கடலூர் பாசஞ்சரில் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில் வருகிற மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்குவோம். ஒரு பக்கம் தென்பெண்ணை, சுற்றிலும் கரும்பு, அடுத்த ஸ்டேஷனில் சர்க்கரை ஆலை. கடலூர் மாவட்டத்தின் சாதாரணமான ஒரு பேரூராட்சி.

‘சாதாரணம்’ என்று சொன்னாலும் இந்த ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. 1860-களின் தொடக்கத்தில் கார்ல் ஆக்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி இங்கே வந்து ‘பெத்தானி’ என்ற நிலையத்தைத் தொடங்கினார். தரங்கம்பாடியை மையமாகக் கொண்டு இயங்கிய லைப்சிக் மிஷனில் இருந்தவர். சபைக்குள் சாதி வேறுபாட்டை விட்டுப்பிடிக்கலாம் என்று மற்ற மிஷனரிகள் சொன்னார்கள், இவர் முடியாது என்றார், வெளியேறினார். 1864-இல் டேனிஷ் மிஷன் இவரோடு சேர்ந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதாவது, ‘ஒரே கூரையின் கீழ் எல்லோரும் சமமாக உட்கார முடியுமா?’ என்ற கேள்வி, அரசியலமைப்புச் சட்டம் எழுதப்படுவதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. இந்தக் கேள்விக்குத் திரும்ப வருவோம்.

ஒரே வாரம், இரண்டு பிரிவுகள்

1948 நவம்பர். அரசியலமைப்பு அவையில் வரைவு விவாதிக்கப்படுகிறது. அந்த வரைவில் கிராமப் பஞ்சாயத்து பற்றி ஒரு வரிகூட இல்லை. காந்தி கொல்லப்பட்டு பத்து மாதம்தான் ஆகியிருந்தது. ‘அவர் காலம் முழுக்கப் பேசிய கிராம சுயராஜ்யம் எங்கே?’ என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அதற்குப் பதில் சொன்ன விதம் அவையை இன்னும் சூடாக்கியது. கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம், அதை அடிப்படை அலகாக எடுக்காமல் தனிமனிதரை எடுத்திருப்பது எனக்கு மகிழ்ச்சியே என்ற பொருளில் பேசினார். கிராமத்தின் எந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது இது. ஊரிலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி தெரியும். சேரியிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி.

சமாதானம் ஒரு தமிழரால் வந்தது. தஞ்சை மாவட்டத்துக்காரரும் பத்திரிகை ஆசிரியராக இருந்தவருமான கே.சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து, சுயாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரத்தை அவற்றுக்கு அரசு தர வேண்டும். அம்பேத்கர் நீண்ட வாதம் எதுவும் செய்யாமல் ஏற்றுக்கொண்டார். நவம்பர் 22 அன்று நிறைவேறியது. இன்றைய 40-வது பிரிவு அதுதான்.

சரியாக ஏழு நாள் கழித்து, நவம்பர் 29 அன்று, தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு நிறைவேறியது. இன்றைய 17-வது பிரிவு. அப்போது அவையில் ‘மகாத்மா காந்திக்கு ஜே’ என்று முழக்கம் எழுந்ததாக அவைக் குறிப்பில் இருக்கிறது. அம்பேத்கர் பெயரைச் சொல்லி முழக்கம் எழுந்ததாக அங்கே பதிவில்லை. சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறோம்.

ஆக, ஒரே வாரத்தில் இரண்டு வாக்குறுதிகள். ஒன்று, உன் ஊரை நீயே ஆளலாம். இன்னொன்று, உன் ஊரில் உன்னை யாரும் ஒதுக்கிவைக்க முடியாது. முதலாவது காந்தியின் கனவு. இரண்டாவது இல்லாமல் முதலாவது ஆபத்து என்பது அம்பேத்கரின் கவலை. இரண்டில் யார் சரி? கடலூர் மாவட்டத்தில் அதற்கு ஒரு புகைப்படமே பதிலாகக் கிடைத்தது.

அந்த போட்டோ

2020 அக்டோபர். சிதம்பரம் பக்கத்தில் தெற்குத்திட்டை ஊராட்சி. மன்றக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். இந்தப் படம் வைரல் ஆனது. தேசியக் கொடி ஏற்றவும் தன்னை விடவில்லை என்றார் அவர். ஊராட்சி செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது, கைதுகளும் நடந்தன.

22-ஆம் தேதி வாக்குறுதியும் 29-ஆம் தேதி வாக்குறுதியும் அந்த ஒரே அறையில் மோதிக்கொண்டன. 40-வது பிரிவு அவரைத் தலைவர் ஆக்கியது. 17-வது பிரிவு இருந்தும் நாற்காலி கிடைக்கவில்லை.

இதைப் பார்த்தால் அம்பேத்கர் ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்வாரா? அப்படி முடித்துவிடுவது சோம்பேறித்தனம் என்று தோன்றுகிறது. ஏனென்றால், அந்தப் படத்தில் 1948-இல் இல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் உள்ளாட்சித் தலைவர் பதவிகளில் சட்டப்படி ஒதுக்கீடு. அது 1993-இல் அமலுக்கு வந்த 73-வது திருத்தத்தின் வரவு. தமிழ்நாடு 2016-இல் பெண்களின் பங்கை 50 சதவீதமாக உயர்த்தியது. இன்னொன்று, வெளியே தெரிந்த பிறகு அரசு இயந்திரம் அசைந்தே ஆக வேண்டிய கட்டாயம். கூட்டம் நடந்தது ஜூலையில், படம் பரவியது அக்டோபரில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடுவில் இருந்த மூன்று மாதம் யாருக்கும் உறுத்தவில்லை.

உள்ளூர் ஸ்தாபகர்கள்

‘தேசத்தை நிறுவியவர்கள்’ என்றதும் டெல்லியில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் நினைக்கிறோம். இந்த மாவட்டத்துக்கென்றே சிலர் இருந்தார்கள்.

கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாள், 1927-இல் சென்னையில் கர்னல் நீல் சிலையை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் தன் மகளையும் அழைத்துக்கொண்டு இறங்கி, இருவரும் சிறை சென்றவர். 1937-இல் சட்டமன்ற உறுப்பினர். அந்தத் தேர்தலில் சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. பெரும்பாலான மக்களுக்குக் கிடையாது. அதே ஆண்டு ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் நீல் சிலையும் சாலையிலிருந்து அகற்றப்பட்டது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த தமிழக வெற்றிக் கழக மாநாட்டில் அஞ்சலை அம்மாளின் கட்அவுட்டைப் பார்த்த பிறகுதான் பலர் கூகுளில் தேடினார்கள். கடலூர்க்காரர்களே தேடினார்கள் என்பதுதான் கொஞ்சம் சங்கடம்.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா. 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாதவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார். மேலவையிலும் சட்டமன்றத்திலும் பல ஆண்டுகள் உட்கார்ந்து அவர் பேசியதில் பாதி, கல்வி உதவித்தொகை, விடுதி, கிணறு, மனைப்பட்டா பற்றித்தான். 1959-இல் இறக்கும்போதும் அவர் எம்.எல்.ஏ.

காட்டுமன்னார்கோவில் எல்.இளையபெருமாள். 1952-இல் நாட்டின் முதல் பொதுத் தேர்தலில் கடலூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். வயது 27. அப்போது கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. இன்னொரு இடத்தில் கோவிந்தசாமி கச்சிராயர் வென்றார். உங்களில் பலர் 27 வயதில் இரண்டாவது கம்பெனிக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அவர் அந்த வயதில் நேரு உட்கார்ந்த அவையில் உட்கார்ந்தார். பிறகு 1965-இல் தீண்டாமை குறித்து ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். நாடு முழுக்கச் சுற்றி 1969-இல் அறிக்கை கொடுத்தார். 17-வது பிரிவு வந்து இருபது ஆண்டுக்குப் பிறகும் டீக்கடை, கிணறு, கோயில், சுடுகாடு என்று எங்கெல்லாம் தீண்டாமை உயிரோடு இருக்கிறது என்ற பட்டியல் அது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற சட்டத்துக்குப் பின்னணியில் இந்த அறிக்கையும் நின்றது.

இங்கேதான் அந்த ஃபார்வர்டு மெசேஜ்கள் தடுமாறுகின்றன. நிறுவியவர்கள் ‘இன்று’ எப்படிப் பார்ப்பார்கள் என்று நாம் யோசிக்கிறோம். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே திரும்பிப் பார்த்துவிட்டார்கள். காந்தி தன் கடைசி நாட்களில் காங்கிரஸ் கட்சியையே கலைத்து மக்கள் சேவைச் சங்கமாக மாற்றச் சொல்லி எழுதினார். ராஜாஜி தன் பழைய கட்சிக்கு எதிராக 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கினார். அம்பேத்கரோ 1953 செப்டம்பரில் மாநிலங்களவையில், இந்தச் சட்டத்தை எரிப்பதானால் எரிக்கும் முதல் ஆள் நானாகவே இருப்பேன் என்கிற அளவுக்குப் போனார். சட்டம் வந்து நான்கு ஆண்டுகூட முடியவில்லை அப்போது. இளையபெருமாளின் அறிக்கையும் அந்த வரிசைதான். யாரும் ‘நாங்கள் கட்டியது கச்சிதம்’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

மேல்பட்டாம்பாக்கத்துக்குக் கிராமசபை உண்டா?

சரி, ஸ்டேஷனுக்கு வெளியே வருவோம். காந்தி இறங்கினால் முதலில் எதைத் தேடுவார்? கிராமசபையைத்தான். பதில்: இங்கே கிராமசபை கிடையாது.

காரணம் எளிது. மேல்பட்டாம்பாக்கம் பேரூராட்சி. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் நடுவில் இருக்கிற இந்த வகை, தமிழ்நாட்டில் மிக அதிகம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் நடக்கும் கிராமசபை, ஊராட்சிகளுக்கு மட்டும்தான். 100 நாள் வேலை என்று நாம் பழகிய திட்டமும் ஊராட்சியின் எல்லையோடு நின்றுவிடும். சுற்றியுள்ள வயலில் வேலை செய்கிறவர்கள்தான் இங்கேயும் இருக்கிறார்கள். ஆனால், காகிதத்தில் இது நகர்ப்புறம். இதில் ஒரு வேடிக்கை, 2004-இல் தமிழக அரசு 561 பேரூராட்சிகளைச் ‘சிறப்பு கிராம ஊராட்சி’ ஆக்கியது. கிராமங்களுக்கான மத்திய நிதி கிடைக்கும் என்பது கணக்கு. 2006-இல் ஆட்சி மாறியது, திரும்பவும் பேரூராட்சி. இரண்டு ஆண்டில் ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. நகரம் கிராமமாகி மறுபடி நகரமானது.

நகர்ப்புறத்துக்கும் இப்படி ஒரு சபை வேண்டும் என்று நீண்ட நாள் கேட்டுக் கேட்டு, 2022-இல்தான் விதிகள் வந்தன. வார்டு குழு, அதன் கீழே பகுதி சபை. கூட வேண்டிய நாட்கள்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. தேதிகளைக் கவனியுங்கள். கிராமசபைக்குக் காந்தி பிறந்தநாள், நகரத்தின் பகுதி சபைக்கு அம்பேத்கர் பிறந்தநாள். யாரோ ஓர் அதிகாரி 1948 விவாதத்தைப் படித்துவிட்டுத்தான் தேதி குறித்தாரோ என்னவோ! கிராமசபை பற்றி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். பகுதி சபை என்று ஒன்று இருப்பதே பேரூராட்சிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் வீட்டில் இன்று இரவு கேட்டுப் பாருங்கள்.

தலைவர் இல்லாத ஊராட்சிகள்

சந்தானம் இறங்கினால் அவர் கேட்பது வேறாக இருக்கும். ‘சுயாட்சி அலகு’ என்று எழுதினேனே, தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்பார். இந்த இடத்தில் நமக்கு வாய் அடைத்துவிடும்.

அரசியலமைப்பின் 243இ பிரிவு தெளிவாக இருக்கிறது. ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும். நகர்ப்புறத்துக்கும் அதே விதி உண்டு. 2006-இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றமும், வழக்கமான காரணங்களைச் சொல்லித் தேர்தலைத் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டின் கணக்கு இது. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் அறிவிப்பு வந்தது, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன் பிறகு கடலூர் உள்பட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிக்குத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மேல்பட்டாம்பாக்கம் மாதிரியான நகர்ப்புற அமைப்புகளுக்கு 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுக்கு மேல், அதாவது ஒரு முழு பதவிக் காலம், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லாமலே ஓடியது. அதில் பெரும்பகுதி அ.தி.மு.க. ஆட்சி. 2019-இல் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. மறுபடி தேர்தல் இல்லை, மறுபடி தனி அலுவலர்கள். அப்போது தி.மு.க. ஆட்சி. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று காரணங்கள் மட்டும் இரண்டு ஆட்சியிலும் ஒன்றுபோலவே இருந்தன.

தேதியை வைத்துப் பார்த்தால்தான் இதன் வலி புரியும். 2024 டிசம்பர் 1 இரவு, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின. கடலூர் மாவட்டத்தின் கரையோரமும் தப்பவில்லை. அதன் பிறகு என்ன தேவைப்படும்? யார் வீட்டில் சுவர் விழுந்தது, எந்தத் தெருவுக்கு நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டது, எந்தப் போர்வெல்லில் சேறு என்று வீதி வீதியாகத் தெரிந்த ஓர் ஆள். சரியாக ஐந்தாவது வாரத்தில் மாவட்டத்தின் 683 ஊராட்சிகளிலும் அந்த ஆள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் இடத்தில் வந்த தனி அலுவலர், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், ஏற்கெனவே பல ஊராட்சிகளின் சுமையைத் தலையில் வைத்திருப்பவர். அவர் கெட்டவர் என்பதல்ல பிரச்சினை. உங்கள் தெருவில் அவருக்கு ஓட்டு தேவையில்லை.

தெற்குத்திட்டைக்கும் இதுதான் பொருந்தும். நாற்காலிக்காக ஒரு பெண் போராடினார். நாற்காலியையே எடுத்துவிட்டால் யார் உட்காருவது என்ற சண்டையே வராது என்பது உண்மைதான்! ஒதுக்கீட்டின் வழியாக உள்ளே வந்தவர்களுக்குத்தான் இந்தத் தாமதம் அதிகம் அடிக்கிறது. செல்வாக்கு உள்ளவர்களுக்குப் பதவி இல்லாவிட்டாலும் தாலுகா ஆபீஸில் வேலை நடக்கும்.

அம்பேத்கரின் 1949 நவம்பர் 25 உரையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. அரசியலில் ஒரு மனிதருக்கு ஒரு ஓட்டு, ஒரே மதிப்பு. சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அந்தச் சமத்துவம் இல்லை. இந்த முரண்பாட்டை நீண்ட நாள் விட்டுவைத்தால் ஆபத்து என்று எச்சரித்தார். அவர் கணக்கில் ஓட்டு என்பது கைக்கு வந்துவிட்ட விஷயம், மற்றவைதான் பாக்கி. கைக்கு வந்த ஓட்டையே ஊர் அளவில் நாம் அவ்வப்போது போடாமல் விட்டுவிடுவோம் என்று அவர் எதிர்பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

நல்லதாக எதுவுமே தெரியாதா? தெரியும். அஞ்சலை அம்மாள் இறங்கினால் பேரூராட்சி மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்பதை நம்பக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார். கூடவே, மன்றக் கூட்டத்துக்குக் கணவர் ஏன் வருகிறார் என்றும் கேட்பார்; ஜெயிலுக்கே மகளோடு போனவர் அவர். சகஜானந்தா காலையில் ஸ்டேஷனில் நிற்கிற யூனிஃபார்ம் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். யார் பிள்ளை என்று அவர் கேட்கத் தேவையிருக்காது.

இனி, செய்யக்கூடிய ஒரு காரியம். நீங்கள் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ மாநகராட்சியிலோ இருக்கிறீர்களா? உங்கள் வார்டில் கடைசி பகுதி சபை எந்தத் தேதியில் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், என்ன தீர்மானம் போட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். ஊராட்சியில் இருக்கிறவர்கள் கேட்க வேண்டியது கிராமசபைத் தீர்மானப் புத்தகத்தின் நகல். தலைவர் இல்லாத காலத்தில் அந்தத் தீர்மானங்களில் யார் கையெழுத்துப் போட்டார் என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.